சைக்கிள், நீச்சல், ஐந்து மாரத்தான். இவ்வளவுக்கும் பிறகு முதுகெலும்பு அடர்த்தி குறைவாம். எங்கே தவறினேன்?

மெல்லோட்டன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகக் கேட்டால் "கால்சியம் மாத்திரை போடுங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவீர்களோ என்று பயம்.

வயது 43. ஆண். எடை 62 கிலோ. எட்டு வருடம் ஓடினேன், ஐந்து முழு மாரத்தான் முடித்திருக்கிறேன். இரண்டரை வருடமாக ஓட்டம் கிடையாது, சைக்கிள்தான். வார நாட்களில் காலையில் ஒன்றேகால் மணி நேரம், சனி ஞாயிறு தலா நான்கு மணி நேரம். நடுவில் ஒன்றிரண்டு நாள் சைக்கிளுக்குப் பதில் நீச்சல். வார நாள் பயிற்சி எல்லாமே வெறும் வயிற்றில், தண்ணீர் மட்டும். உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகட்டும் என்று நான்கு வருடமாக இதைக் கடைப்பிடிக்கிறேன். ஓய்வில் நாடித்துடிப்பு 46. அலுவலக மாடிப்படியில் என்னோடு ஏறுகிறவர்கள் பாதியில் நின்று மூச்சு வாங்குவார்கள். என் உடம்பில் ஏதாவது கெட்டிருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஓட்டத்தை விட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆறாவது மாரத்தானுக்குத் தயாராகும்போது வாரம் 40 கிலோமீட்டரிலிருந்து ஐந்தே வாரத்தில் 70-க்கு ஏற்றினேன். மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை, ஏன் ஏற்றக்கூடாது என்று. ஏழாவது வாரம் வலது கெண்டைக்கு முன்னால், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் உள்விளிம்பில் ஒரு வலி. கட்டைவிரல் நுனி அளவு இடம்தான். அங்கே அழுத்தினால் சுள்ளென்று இருக்கும், இரண்டு விரல் தள்ளி அழுத்தினால் ஒன்றும் இல்லை. "ஷின் ஸ்பிளிண்ட்" (ஓடுகிறவர்களுக்கு முன்னங்காலில் வரும் வலி) என்று நானே பெயர் வைத்து, ஐஸ் வைத்து, அந்த ஞாயிறு 26 கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் காலை பேன்ட் போடுவதற்கு ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் விரிசல் தெரிந்தது. பத்து வாரம் ஓய்வு. அதற்குப் பிறகு, எலும்புக்கு அடி விழாத விளையாட்டே போதும் என்று சைக்கிளுக்கு மாறினேன்.

போன மாதம் வேறு ஒரு விஷயமாகப் பார்த்த மருத்துவர் இந்த விரிசல் கதையைக் கேட்டுவிட்டு, எதற்கும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். இடுப்பு சரியாக இருக்கிறது, இசட்-ஸ்கோர் (என் வயதுக்காரர்களோடு ஒப்பிட்ட எண்) மைனஸ் 0.2. கீழ் முதுகெலும்பில் டி-ஸ்கோர் (இளவயதினரோடு ஒப்பிட்ட எண்) மைனஸ் 1.9, இசட்-ஸ்கோர் மைனஸ் 1.7. ரிப்போர்ட்டின் அடியில் "ஆஸ்டியோபீனியா" என்று ஒரு வார்த்தை, எலும்பு அடர்த்தி குறைவு என்று அர்த்தமாம். வைட்டமின் டி 24 நானோகிராம். ரத்தத்தில் கால்சியம் சரியான அளவு. டெஸ்டோஸ்டிரோன் எல்லைக்குள்தான், ஆனால் கடைசிப் படியில்.

தூக்கத்தைக் கெடுத்தது இன்னொன்று. எலும்பு கரைவதைக் காட்டும் சிடிஎக்ஸ் என்ற ரத்தப் பரிசோதனை. முதல் தடவை 310. மூன்று வாரம் கழித்து 680. அதாவது இரண்டு மடங்குக்கு மேல்! முதல் தடவை அலுவலகத்திலிருந்து பதினொரு மணி வாக்கில் போய்க் கொடுத்தேன். இரண்டாவது, 200 கிலோமீட்டர் சைக்கிள் போய்விட்டு வந்த மறுநாள், காலை ஏழு மணிக்கு.

உடற்பயிற்சி எலும்பை வலுவாக்கும் என்றுதானே பள்ளிக்கூடத்திலிருந்து சொல்கிறார்கள். வாரம் பதினான்கு மணி நேரம் செய்கிறவனுக்கு ஏன் இப்படி? சைக்கிளையும் விட்டுவிட வேண்டுமா?


சைக்கிள்மணி:

எல்லாவற்றுக்கும் ஒரு அளவு இருக்கிறது சார். 200 கிலோமீட்டர் எல்லாம் தேவையா? என் அண்ணனுக்கும் இதே மாதிரிதான் வந்தது. கால்சியம் மாத்திரை இரண்டு வேளை, தினமும் நடை. போதும்.

(நீங்கள் பயந்த ஒரு வரி பதில் நான்தான். மன்னிக்கவும்.)


முழங்கால்நண்பன்:

விளையாட்டுக்காரர்களைப் பார்க்கும் பிசியோ நான். மருத்துவர் இல்லை. மருந்து, மாத்திரை பற்றி ஸ்கேன் எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 680-ஐத் தூக்கி ஓரமாக வையுங்கள். சிடிஎக்ஸ் ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்குகிற சமாச்சாரம். விடிகாலையில் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் அடியில் இருக்கும். சாப்பிட்டால் தடாலென்று இறங்கும். அதனால்தான் இதைக் காலையில் வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வார்கள். நீங்கள் முதல் தடவை பதினொரு மணிக்கு, அநேகமாகச் சாப்பிட்டுவிட்டு, கொடுத்திருக்கிறீர்கள். இரண்டாவது தடவை ஏழு மணிக்கு, அதுவும் 200 கிலோமீட்டருக்கு மறுநாள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. உங்கள் எலும்பு அப்படியே இருந்து, ரத்தம் எடுத்த நேரம் மட்டும் மாறியிருந்தாலே எண் எவ்வளவோ மாறியிருக்கும்.

நீண்ட நேரப் பயிற்சிக்குப் பின் அது ஏறுவதும் உண்மைதான். 246 கிலோமீட்டர் ஓடுகிற ஸ்பார்ட்டத்லான் ஓட்டக்காரர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஓட்டம் முடிந்த கையோடு பார்த்தால் கரைவதைக் காட்டும் சிடிஎக்ஸ் ஏறியிருந்தது, கட்டுவதைக் காட்டும் ஆஸ்டியோகால்சின் இறங்கியிருந்தது. சாதாரணமாக இந்த இரண்டும் கையைப் பிடித்துக்கொண்டு போகும். ஒரு பக்கம் இடிக்கிற செல்கள், பின்னாலேயே கட்டுகிற செல்கள். அத்தனை மணி நேர ஓட்டத்தில் அந்தக் கை விட்டுப்போகிறது. ஆனால் அது தற்காலிகம், ஓய்வில் பழைய நிலைக்குத் திரும்புகிற மாற்றம். ஒரு நாள் ஓட்டத்தால் யாருக்கும் எலும்பு மெலிந்துவிடுவதில்லை.

ஏன் ஏறுகிறது என்று கேட்டால், ஒரு காரணம் வியர்வை. வியர்வையோடு கால்சியமும் போகிறது. ரத்தத்தில் கால்சியம் ஒரு குறுகிய எல்லைக்குள் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இதயமும் தசையும் ஒழுங்காக வேலை செய்யாது. கொஞ்சம் இறங்கியதும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கிறது. உடம்பைப் பொறுத்தவரை எலும்பு ஒரு கால்சியம் கிடங்கும்கூட. பயிற்சிக்கு முன்னால் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது அந்த ஹார்மோன் ஏறுவது குறைந்தது. அதற்காக மாத்திரையை வாரி விழுங்க வேண்டாம். உங்கள் வயதில் ஒரு நாள் முழுக்க, சாப்பாட்டையும் சேர்த்து, தேவையே 1000 மில்லிகிராம்தான்.

அடுத்து, ஸ்கேன். 50 வயதுக்குக் கீழே உள்ள ஆணுக்கு டி-ஸ்கோரைப் பார்க்கக் கூடாது, இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். "ஆஸ்டியோபீனியா" என்ற வார்த்தை உங்களுக்குப் பொருந்தாது, இயந்திரம் தானாக அச்சடித்தது. மைனஸ் 2-க்குக் கீழே போனால்தான் வயதுக்குக் குறைவு என்பார்கள். ஆனால் இதில் ஒரு கொக்கி. விளையாட்டுக்காரர்களுக்கு மைனஸ் 1-க்குக் கீழே போனாலே ஏன் என்று தேட வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் வழக்கம். எடை தாங்கி ஓடுகிறவருக்கு எலும்பு சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நீங்கள் மைனஸ் 1.7. பயப்பட வேண்டிய எண் இல்லை, கண்டுகொள்ளாமல் விடுகிற எண்ணும் இல்லை. தைராய்டு, குடல் உறிஞ்சாமை, ஸ்டீராய்டு மாத்திரை போன்ற வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்று மருத்துவர் பார்த்துவிடட்டும்.

இப்போது உங்கள் கேள்வி. வாரம் பதினான்கு மணி நேரம் செய்தும் ஏன்? எலும்புக்கு மணிக்கணக்கு தெரியாது. நாடித்துடிப்பும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எவ்வளவு வளைகிறேன், எவ்வளவு வேகமாக வளைகிறேன். எலும்புக்குள் ஆஸ்டியோசைட் என்ற செல்கள் புதைந்து கிடக்கின்றன, அந்த வளைவை உணர்வது அவைதான். சைக்கிளில் உங்கள் எடையைச் சீட்டும் ஹேண்டில்பாரும் தாங்கிக்கொள்கின்றன. நீச்சலில் தண்ணீர் தாங்குகிறது. முதுகெலும்பைப் பொறுத்தவரை நீங்கள் பதினான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள், அவ்வளவுதான். விண்வெளி வீரர்களைப் பாருங்கள். அங்கே எடையே இல்லை. தக்க பயிற்சி இல்லாதபோது இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இழந்திருக்கிறார்கள். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு ராக்கெட் பிடிக்கிற கை எலும்பு மற்ற கையைவிடத் தடிமனாக இருக்கும். உடம்பும் சாப்பாடும் ஒன்றுதான், அடி வாங்குகிற கைக்கு மட்டும் வலு.

அப்படியானால் நீண்ட தூரம் ஓடுவது எலும்புக்கு ரொம்ப நல்லதாக இருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. ஒரே மாதிரி அடி திரும்பத் திரும்ப விழுந்தால் அந்தச் செல்கள் சீக்கிரம் மரத்துப்போகின்றன. பறவையின் இறக்கை எலும்பில் நாளுக்கு 36 தடவை அழுத்திய சோதனை ஒன்று உண்டு. அதற்கு மேல் எத்தனை நூறு தடவை அழுத்தினாலும் கூடுதல் பலன் இல்லை. எலிகளுக்கு நாளுக்கு ஐந்தே குதி போதுமாக இருந்தது. மாரத்தானில் ஒரு கால் பல்லாயிரம் தடவை தரையில் படுகிறது. முதல் சில டஜன்தான் எலும்புக்குச் செய்தி. மீதி எல்லாம் தேய்மானக் கணக்கு.

உங்கள் விரிசலுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது முதலில் பழையதைத் தோண்டி எடுக்கிறது, அதற்கு மூன்று நான்கு வாரம். அந்தக் குழியை நிரப்பிக் கெட்டியாக்க மூன்று நான்கு மாதம். நீங்கள் ஐந்து வாரத்தில் 40-ஐ 70 ஆக்கினீர்கள். நுரையீரலும் தசையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தன. எலும்பில் எல்லா இடத்திலும் தோண்டியாயிற்று, எங்கேயும் பூசி முடிக்கவில்லை. அந்த நிலையில் ஏழாவது வாரம் விரிசல் விட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஷின் ஸ்பிளிண்ட் வலி எலும்பு நெடுகப் பரவியிருக்கும். விரல் நுனி அளவு இடத்தில் சுள்ளென்றால் அது எலும்பு, அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாமல் இருப்பது சாதாரணம்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் போகிறபோக்கில் பெருமையாகச் சொன்ன விஷயம் அது. வெறும் வயிற்றில் நான்கு வருடம். ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?


இரவுஓட்டக்காரி:

முழங்கால்நண்பன் கடைசியில் கேட்டாரே, அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அதையே முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பேன்.

எனக்கு 36 வயது. அல்ட்ரா, அதாவது மாரத்தானைவிட நீண்ட தூரம், ஓடுகிறவள். ஐந்து வருடத்துக்கு முன்னால் பதினோரு மாதம் மாதவிலக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லவேண்டுமானால் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு தொல்லை விட்டது, பயிற்சிக்கும் இடைஞ்சல் இல்லை. அப்போதைய பயிற்சியாளர் "நல்ல ஃபிட்னஸுக்கு அடையாளம்" என்று வேறு சொன்னார். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அப்புறம் இடது பக்கம், உட்காரும் இடத்துக்கு மேலே, ஆழத்தில் ஒரு வலி. நரம்பு என்றார்கள். ஆறு வாரம் நரம்புக்குப் பயிற்சி செய்தேன். சாலையில் ஒரு சின்னப் பள்ளத்தில் கால் வைத்தால் பல் வரைக்கும் அதிரும். எம்ஆர்ஐ எடுத்தால் முதுகெலும்பின் அடியில் இருக்கும் சேக்ரம் எலும்பில் விரிசல். டெக்ஸாவில் முதுகெலும்பு இசட்-ஸ்கோர் மைனஸ் 2.1. எனக்கு அப்போது வயது 31.

நான் பட்டினி கிடக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கே ரொம்ப நாள் ஆனது. மூன்று வேளையும் சாப்பிட்டேன், எடையும் பெரிதாக இறங்கவில்லை. ஆனால் ஓட்டத்துக்குப் போனது போக, மற்ற வேலைகளுக்கு உடம்பில் மிச்சம் இல்லை. மிச்சம் இல்லாதபோது உடம்பு எதையெல்லாம் ஒத்திப்போடலாமோ அதை ஒத்திப்போடும். குழந்தை பெறுவது ஒன்று, எலும்பு கட்டுவது இன்னொன்று. ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிட்டால் இடிக்கிற செல்களுக்குக் கடிவாளம் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ஒரு பொதுப் பெயர் வைத்தது: விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை. ஆண்களுக்கும் வரும் என்று அப்போதே சேர்த்துச் சொன்னார்கள்.

முதலில் பார்த்த இடத்தில் எனக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். ரத்தப்போக்கு வந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மாத்திரையால் வருகிற ரத்தப்போக்கு வேறு, உடம்பு தானாகத் திரும்புவது வேறு. மாத்திரை அந்த எச்சரிக்கை விளக்கை அணைத்ததே தவிர எலும்புக்கு ஒன்றும் செய்யவில்லை. இதைப் படிக்கிற பெண்கள் யாராவது இருந்தால் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

கடைசியில் நான் செய்தது தினமும் 350 கலோரி வரை கூடுதலாகச் சாப்பிட்டதும், ஓட்டத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததும்தான். ஐந்தாம் மாதம் மாதவிலக்கு தானாக வந்தது. இரண்டு வருடம் கழித்து முதுகெலும்பு மைனஸ் 1.6. முழுதாகத் திரும்பவில்லை. உங்களுக்கு மாதவிலக்கு என்ற மணி இல்லை, மெல்லோட்டன். அதுதான் ஆண்களுக்கு இதில் உள்ள சிக்கல். உங்களிடம் இருக்கிற மணி அந்தக் கடைசிப் படி டெஸ்டோஸ்டிரோன்தான்.


மெல்லோட்டன்:

இரண்டு நாளாகப் பதில் போடாததற்குக் காரணம், எழுதி வைத்துப் பார்த்தேன். சாப்பிட்டதை எல்லாம் அளந்து. இவ்வளவு பேசுகிற ஆள், இதுவரை ஒரு நாள்கூட அதைச் செய்ததில்லை.

என் சைக்கிளில், மிதிக்கிற விசையை அளக்கும் பவர் மீட்டர் இருக்கிறது. அதில் காட்டுகிற கிலோஜூலை அப்படியே கலோரி என்று எடுத்துக்கொள்ளலாம் என்று இங்கேயே பழைய இழையில் படித்தேன். (நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி சூடாகப் போகிறது, அதனால் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறதாம்.) வார நாளில் 600. சனி, ஞாயிறு 150 வாட்டில் நான்கு மணி நேரம், 2160. உடம்பில் கொழுப்பு 12 சதவீதம் என்று வைத்தால் கொழுப்பு போக என் எடை ஏறக்குறைய 55 கிலோ. பயிற்சிக்குப் போனது போக, அந்த எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை கலோரி மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு.

வார நாள்: சாப்பிட்டது 2400. 600 போக 1800. 55-ஆல் வகுத்தால் 33.

சனிக்கிழமை: சாப்பிட்டது 2900. நன்றாகச் சாப்பிட்டோம் என்றுதான் நினைத்தேன், இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். 2160 போக 740. வகுத்தால் 13.

13 என்று வந்ததும் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று தடவை திரும்பப் போட்டேன். நன்றாகச் சாப்பிட்ட நாள்தான் இருப்பதிலேயே மோசமான நாள்.


முழங்கால்நண்பன்:

கணக்கு சரிதான். கறாராகப் போட்டால், அந்த நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய சுமார் 260 கலோரியைப் பயிற்சியின் தலையில் கட்டக் கூடாது. அதைச் சேர்த்தால் 18 வரும். அப்படியும் குறைவுதான். 45 இருந்தால் தாராளம், 30-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்பது இந்தத் துறையில் புழங்குகிற கணக்கு. இளம்பெண்களிடம் ஐந்தே நாள் அளவைக் குறைத்துப் பார்த்தபோது, 30-க்கு வந்ததுமே எலும்பு கட்டும் குறி இறங்கத் தொடங்கியது. 10-க்கு வந்தபோது கரையும் குறியும் ஏறியது. ஆண்கள் இதைவிடக் கொஞ்சம் தாங்குகிறார்கள். இரண்டரை வருடமாக வாரம் இரண்டு நாள் 18 என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் கணக்கில் வரும். மாவுச்சத்து இல்லாத நிலையில் நீண்ட நேரம் உழைத்தால் எலும்பு கரையும் குறி கூடுதலாக ஏறுகிறது. உலகத் தரத்து நடைப்பந்தய வீரர்களை மூன்றரை வாரம் மாவுச்சத்தை அறவே குறைத்த, கொழுப்பு மிகுந்த உணவில் வைத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. கரையும் குறி ஏறியது, கட்டும் குறிகள் இறங்கின. இத்தனைக்கும் மொத்தக் கலோரியில் அவர்களுக்குக் குறை வைக்கவில்லை. மாவுச்சத்தைத் திரும்பக் கொடுத்த பிறகும் உடனே முழுதாகச் சீராகவில்லை. ஆகவே அந்த வெறும் வயிற்றுப் பயிற்சியை நிறுத்துங்கள். கிளம்புமுன் ஒரு வாழைப்பழமாவது. நான்கு மணி நேரப் பயணத்தில் பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர், அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது வாயில்.

சைக்கிளை விட வேண்டாம். அது எலும்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு, எலும்பைக் கெடுத்தது என்பதில்லை. எலும்புக்கு வேண்டியதைத் தனியாகக் கொடுங்கள். அடர்த்தி குறைந்த, ஆனால் சுறுசுறுப்பான ஆண்களை வைத்து 12 மாதம் நடத்திய சோதனை ஒன்றில் ஒரு குழு எடை தூக்கியது, இன்னொரு குழு குதித்தது. இரண்டு குழுவுக்குமே முதுகெலும்பு அடர்த்தி கூடியது. இடுப்பில் எடை தூக்கியவர்களுக்கு மட்டும் கூடியது. அதனால் வாரம் இரண்டு நாள் ஸ்குவாட், டெட்லிஃப்ட். பத்தாவது தடவை எளிதாகத் தூக்க முடிந்தால் எடை போதாது. ஆனால் முதல் மாதம் யாராவது தெரிந்தவர் பக்கத்தில் நின்று முதுகு வளைகிறதா என்று பார்க்கட்டும். மாடல் காட்டும் வீடியோவை நம்பித் தூக்காதீர்கள்.

குதிப்பதற்கு: காலையில் பத்து, மாலையில் பத்து. ஒவ்வொரு குதிக்கும் நடுவில் முப்பது விநாடி நிற்க வேண்டும். பெண்களிடம் 16 வாரம் இப்படிச் செய்து இடுப்பில் பலன் பார்த்திருக்கிறார்கள். அவசரக்காரர்கள் அந்த முப்பது விநாடியைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டாதீர்கள். மரத்துப்போன செல் திரும்ப விழிப்பதற்கான இடைவெளி அது. காலை, மாலை என்று பிரிப்பதும் அதற்குத்தான். எலிகளிடம் உணர்வு முழுதாகத் திரும்ப சுமார் எட்டு மணி நேரம் பிடித்தது. பழைய விரிசல் இருக்கிற காலாதலால், முதல் இரண்டு வாரம் இரண்டு காலிலும் சின்னச் சின்னதாக. அந்தப் பழைய இடத்தை வாரம் ஒரு தடவை விரலால் அழுத்திப் பாருங்கள்.

ஸ்கேனை ஆறு மாதத்தில் திரும்ப எடுக்காதீர்கள். இயந்திரத்தின் பிழையே சில சதவீதம் இருக்கும், அதற்குள் உங்கள் மாற்றம் ஒளிந்துகொள்ளும். ஒரு வருடம் போகட்டும், அதே இயந்திரத்தில் எடுங்கள். சிடிஎக்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்றால் காலையில், வெறும் வயிற்றில், முந்தைய இரண்டு நாள் ஓய்வில்.


சைக்கிள்மணி:

அண்ணனுக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன். அவரும் காலையில் வெறும் வயிற்றில்தான் போவார்.


மெல்லோட்டன்:

மூன்று வாரம் ஆகிறது. மருத்துவர் மற்ற காரணங்களைப் பார்த்துவிட்டார், ஒன்றும் இல்லை. டெஸ்டோஸ்டிரோனை மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறார், அதுவும் காலையில்.

சனிக்கிழமை இப்போது 3900 சாப்பிடுகிறேன். அதில் பாதியைச் சைக்கிளிலேயே சாப்பிட வேண்டியிருக்கிறது. பையில் அடைத்துக்கொண்டு கிளம்பும்போது கூட வருகிறவர்கள் பார்க்கிற பார்வைக்கு இன்னும் பழகவில்லை. முன்பெல்லாம் மூன்றாவது மணி நேரத்தில் பேச்சு நின்றுபோய் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு மிதிப்பேன். அதைத்தான் உழைப்பு என்று நினைத்திருந்தேன். போன சனி கடைசி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். எடை 400 கிராம் ஏறியிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு பதற்றம் வருகிறது, அது போக இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

குதிப்பது ஹாலில். அந்த முப்பது விநாடியைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. நான்கு மணி நேரம் மிதிக்கிறவனுக்கு முப்பது விநாடி சும்மா நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை எண்ணச் சொல்லியிருக்கிறேன். சோபாவில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு எண்ணுகிறாள். இருபத்தி இரண்டு வந்ததும் "ம், குதிங்கப்பா" என்கிறாள்.